வலது கையால் ஒரு வாய் இட்லி

நோயாளிகளை உண்ண, உடுத்த என்று அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை படிக்கிறேன் என்றால், "மசாஜா?" என்பார்கள். எரிச்சலாக வரும். அவர்கள் என் வகுப்புத் தோழியைப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இருந்த செல்லூர் தறிக்காரர் ஒருவருக்கு மனைவிதான் ஊட்டிவந்தார். பீச்சாங்கையால் சாப்பிடமாட்டேன் என்று அவருக்குப் பிடிவாதம். வலது கை விரல்களோ பாதிதான் மடங்கின.

தோழி இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"அக்கா, நீங்க ஊட்டாதீங்க."

"பசி தாங்கமாட்டாரும்மா."

"பசிக்கட்டும். அண்ணே, எடுங்க."

இட்லி மடியில் விழுந்தது, மீசையில் ஒட்டியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைத் திட்டினார்கள். அவள் அசையவே இல்லை. கடைசியில் ஒரு துண்டு வாய்க்குள் போனது.

"சட்னி எங்கடி?" என்று மனைவியை அதட்டினார்.

எட்டி எடுக்கட்டும் என்று, தோழி கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.