பிரேக் மிதி இல்லாத காருக்கு இன்ஷூரன்ஸ்

என்னைத் தூக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நல்லெண்ணத்தோடு தூக்குகிறவர்களை இன்னும் பிடிக்காது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் என் வலது காலைப் பயனில்லாமல் ஆக்கிவிட்டுப் போனது. கக்கத்தில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நான் பாட்டுக்கு நடப்பேன். ஆனால் அன்றைய மைசூரில் பள்ளிக்கூடம் போக எனக்குக் குதிரை ஜட்காவை விட்டால் வேறு வழியில்லை. ஜட்காவின் படியோ என் நல்ல காலுக்கும் எட்டாத உயரம். தினம் காலையில் ஜட்காக்காரர் என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, நெல் மூட்டையை ஏற்றுவது மாதிரி உள்ளே ஏற்றுவார். பள்ளி வாசலில், என்னிடம் கணக்குப் படிக்கும் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, இறக்குவார். மாலையிலும் இதே கூத்து. அவர் தங்கமான மனுஷர். ஒரு நாளாவது முகம் சுளித்திருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன், அதற்கும் வழியில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கார் நின்றது. மருந்துக்கடை வைத்திருந்த அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன இங்கிலீஷ் கார். யுத்தத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத் திண்டாடி அதைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்தினார். யுத்தம் முடிவதற்குள் அவரே போய்விட்டார். அண்ணனுக்கு பெங்களூரில் உத்தியோகம். அதனால் காருக்குள் எங்கள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, சொந்தச் சம்பளம். இந்தக் கோழிக்கூட்டை நான் ஓட்டட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். காலால் மிதிக்க வேண்டுமே என்றாள் அம்மா. கையால் மிதிக்கிறேன் என்றேன்.

தேவராஜ மொஹல்லாவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு கன்னடக்காரர்தான் அதைச் செய்து கொடுத்தார். தையல் மிஷின், சைக்கிள், கரும்பு பிழியும் இயந்திரம் எல்லாம் பழுது பார்ப்பவர். என் காலை ஒரு தரம் பார்த்தார், காரை மூன்று நாள் பார்த்தார். பிறகு வெட்ட ஆரம்பித்தார். கிளட்ச் அப்படியே இருக்கட்டும், இடது கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பிரேக் மிதியை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்திலிருந்து ஒரு இரும்புத் தண்டை மேலே எழுப்பினார். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் என் முழங்கை உயரத்தில் அதன் பிடி நிற்கும். முன்னால் தள்ளினால் வண்டி நிற்கும். ஆக்ஸிலேட்டர் மிதியையும் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில் வலது கை விரலுக்கு ஒரு பிடி வைத்தார். அழுத்தினால் வேகம் கூடும், விட்டால் குறையும். கதவை அகலமாக்கினார், சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார், நான் பிடித்துத் தொங்கி ஏறிக்கொள்ள மேலே ஒரு கம்பி போட்டார். விடியற்காலைகளில் மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். லைசென்சுக்குச் சோதித்த போலீஸ் அதிகாரி என் காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எட்டுப் போட்டுக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

கோடை விடுமுறையில், பள்ளி திறந்ததும் காரிலேயே போய் இறங்க வேண்டும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் மைசூருக்கே மாற்றலாகி வந்து சேர்ந்தான். கொல்லைக்குப் போய்க் காரின் கதவைத் திறந்து பார்த்தவன், செத்த வீட்டில் நிற்பவன் மாதிரி நின்றான். அப்பாவின் காரை அறுத்துவிட்டாயே என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூத்த பிள்ளை, அந்தக் காரில் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவன். எல்லாவற்றையும் பழையபடி பூட்டிவிடலாம், நானே தினம் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றான். இரண்டு கையால் தூக்கி உட்காரவும் வைப்பான். அதுதான் எனக்கு வேண்டாம் என்பது அவனுக்கு எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரை ரஸ்தாவில் இறக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈட்டுக்கு ஒரு கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு அடையாளமான காகிதம் கையில் இருக்க வேண்டும். நானும் அண்ணனும் போட்ட சண்டையில் அம்மாவுக்குத் தலைவலி வந்து, சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்.

"கம்பெனிக்காரன் இவ ஓட்டலாம்னு காயிதம் குடுத்தா வண்டி இவளுது. குடுக்கலைன்னா பழையபடி மாத்திட்டு நீ ஓட்டு. ரெண்டு பேரும் இனிமே என்கிட்ட வராதீங்க."

அண்ணன் உடனே சரி என்றான். எந்தக் கம்பெனி கொடுக்கும் என்ற தைரியம் அவனுக்கு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆனாலும் சரி என்றேன்.

முதல் கம்பெனியில் ஃபாரத்தைக் கையில் வாங்கியதோடு சரி, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வயது குறைவு, பெண், கால் ஊனம், காரோ பட்டறையில் பிறந்தது. இதில் எதைச் சொல்லி மறுப்பது என்று அவர்களுக்கே குழப்பம். இரண்டாவது கம்பெனியின் ஏஜெண்ட் நல்ல மாதிரி. ஃபாரத்தில் இரண்டு கேள்விகளைக் காட்டினார். வண்டி செய்தவர்கள் செய்தபடியே இருக்கிறதா, மாற்றம் உண்டா? ஓட்டுகிறவருக்கு உடல் குறை உண்டா? இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கன்னடத்தில் கிசுகிசுத்தார். ஃபாரத்தில் அதற்கு விட்டிருந்த இடமும் ஒரே ஒரு வரிதான். நான் வீட்டுக்கு வந்து, மூன்று முழுத் தாளில், மாற்றிய ஒவ்வொரு உறுப்பையும் நம்பர் போட்டு, கணக்கு டீச்சருக்கே உரிய திமிரோடு ஸ்கேல் வைத்துப் படமும் வரைந்து ஃபாரத்தோடு குத்திக் கொடுத்தேன். ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு தாள் போதாதா என்றார். பொய் சொல்லி வாங்கினால், நாளைக்கு யார் மீதாவது இடித்தபின் கம்பெனி கையை விரிக்கும், அடிபட்டவன் கதி என்ன என்று கேட்டேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. நான் எப்படி ஓட்டுகிறேனோ அப்படியே ஒருத்தர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிற வெறியும் எனக்கு இருந்தது.

அந்த மூன்று தாளைப் படித்துவிட்டு பெங்களூர் ஆபீஸ் ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பியது. தமிழ்க்காரர். கோட்டு, தொப்பி, குடை, மூக்குப் பொடி வாசனை. இருபது வருஷமாக எல்லா ஜாதி வண்டியும் ஓட்டியிருப்பதாகச் சொன்னார். நான் ஏறுவதைக்கூடப் பார்க்காமல், முதலில் அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் சார், இது உங்கள் காலுக்குப் புரியாது என்றேன். சிரித்தார். சரி, உங்கள் இஷ்டம் என்று இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

தெருவில் ஐம்பது கெஜம் நன்றாகத்தான் போனார். அக்ரஹாரம் திரும்பும் முனையில் ஒரு எருமை குறுக்கே வந்தது. இருபது வருஷப் பழக்கம் அவர் வலது காலுக்குள் விழித்துக்கொண்டது. பிரேக் இருந்த இடத்தை ஓங்கி மிதித்தார். அங்கே வெறும் பலகை. மறுபடி மிதித்தார். பயத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க, விரல் ஆக்ஸிலேட்டர் பிடியை அழுத்த, வண்டி நிற்பதற்குப் பதில் பாய்ந்தது. நான் சாய்ந்து பிரேக் தண்டை முன்னால் தள்ளினேன். எருமைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி, எஞ்சின் அணைந்து நின்றது. எருமை எங்களை மதிக்கவே இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"டீச்சரம்மா, ஸ்வல்ப யோசனை பண்ணிப் பாருங்க. இதுல யார் ஏறி உட்கார்ந்தாலும் ஆபத்து. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

இவர் ஒரு வரி எழுதினால், ஆயுசுக்கும் என்னைத் தூக்கி இறக்கிக்கொண்டேதான் இருப்பார்கள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தை மட்டும் வெளியே விட்டேன்.

"யாரோ ஏறப் போறதில்லை சார், நான்தான் ஏறப் போறேன். உங்க கால் ஒரு மாதிரி படிச்சிருக்கு, என் கை ஒரு மாதிரி படிச்சிருக்கு. நீங்க ஓட்டினதுக்கு என்னை ஃபெயில் பண்ணாதீங்க. இப்ப இடம் மாறி உட்காருங்க."

மாறி உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்து ஏறியதைப் பார்த்தார், நோட்டை எடுத்தார். அவரை நேரே தேவராஜ மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மைசூரில் அதைவிடக் கெட்ட இடம் வண்டி ஓட்டக் கிடைக்காது. கூடைக்காரிகள், மூட்டை சுமப்பவர்கள், கைவண்டி, பூக்கடையை ரஸ்தாவுக்கே கொண்டு வந்துவிட்டவர்கள். பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்தினேன், எடுத்தேன், நிறுத்தினேன். வாழைத்தார் சுமந்த ஒருவர் எதிரே வந்து நின்று, தனக்கு வழிவிட்டு வண்டியை ரிவர்சில் எடுக்கச் சொல்லி அடம் பிடித்தார், அதையும் செய்தேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார். ஆனால் ஒவ்வொரு தரம் நான் நிறுத்தும்போதும் அவருடைய வலது கால் மட்டும் பலகையை மிதித்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும், நீங்கள் ஓட்டுவது சரிதான், ஆனால் நாளைக்கு வீட்டில் வேறொருவர் அவசரத்துக்கு எடுத்தால் என்ன செய்வது என்றார். வேறு யாருமே எடுக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள் என்றேன். சொல்லும்போதே அண்ணன் ஞாபகம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நாக்கில் தித்தித்தது. அவர் அதையும் குறித்துக்கொண்டார். பெங்களூரில் என்ன முடிவு செய்வார்களோ, தான் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்தது. காகிதம் வரவில்லை. பள்ளி திறந்த அன்று ஜட்காக்காரர் வந்தார். என்னைத் தூக்கினார், இறக்கினார். அண்ணன் கேலி ஒன்றும் செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் பாப்பா என்று அவனாகவே சொன்னான். வாரம் போனது. லேத் பட்டறைக்குப் போய், பழைய மிதிகளைத் திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தான். பட்டறைக்காரர் முதல் நாள் வெல்டிங் சாமான் இல்லை என்றார். அடுத்த நாள் ஜுரம் என்றார். அதற்கடுத்த நாள் யாரோ சொந்தக்காரர் கல்யாணம். அண்ணனுக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. பூட்டக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன், எனக்கென்ன, பழக்கம்தானே. சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று அவரிடம் அண்ணன் எப்படியோ வாக்கு வாங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, அண்ணன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ரிஜிஸ்தர் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அவனே. உறையை என்னிடம் நீட்டினான். எனக்குப் பிரிக்கத் தைரியம் இல்லை, நீயே படி என்றேன். பிரித்தான். மேலே கம்பெனி முத்திரையோடு சான்று. கீழே இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டிய ஒரு துண்டு. உரக்கப் படித்தான்: இந்த வாகனத்தை மனுதாரர் மட்டுமே ஓட்டலாம், வேறு எவர் ஓட்டினாலும் இந்த இன்ஷூரன்ஸ் செல்லாது.

அவன் இரண்டாம் தரம் மனசுக்குள் படித்தான். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். எனக்குச் சிரிக்கத் தோன்றும் என்று நினைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் தோன்றவில்லை. அப்பாவின் காரை இனி அவன் ஒருநாளும் ஓட்ட முடியாது. அதை எழுதச் சொன்னவள் நான்.

"ஆபீஸ்ல விடட்டுமா, அண்ணே?" என்றேன்.

காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். முதலில் உன் பள்ளிக்கூடம், அங்கிருந்து நான் நடந்து போய்க்கொள்கிறேன் என்றான். இடப்பக்க சீட்டில் ஏறிக்கொண்டான். பள்ளி வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நான் பிரேக் தண்டைத் தள்ளி வண்டியை நிறுத்துவதற்குள் அவன் இறங்கி, ஓட்டமாகச் சுற்றி என் கதவுப் பக்கம் வந்து, பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டினான். நான் அவனைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றான், நான் கம்பியைப் பிடித்து நானே இறங்கினேன்.