பிரதட்சிணமாகவே ஓடிய கார்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் அண்ணா வாயிலிருந்த காபி புரையேறச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தது என்று இன்றைக்கும் சொல்வேன். எனக்குப் பிறவியிலேயே முன்கோபம். அதிலும் என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தால் விட்டுவிடுவேனா?

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் குடியிருந்தோம். நான், ஆத்துக்காரர், மாமியார் என்று மூன்றே பேர். திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த பெரிய தொழிற்சாலையில் அவருக்கு டிராயிங் ஆபீஸில் வேலை. முந்தின வருஷம் பஸ் படியிலிருந்து தவறி விழுந்ததில் இடது முழங்கால் நொறுங்கிப் போயிற்று. கட்டைப் பிரித்த பிறகும் அது மடங்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு பஸ், டவுனில் இன்னொரு பஸ். நீட்டின காலோடு ஏறுபவரைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் அடித்துவிடுவான். தொழிற்சாலையில் சங்கு ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இவர் வாரத்தில் பாதி நாள் சாத்தின கேட்டுக்கு வெளியே நிற்பார்.

"அடுத்த மாசமும் இப்படித்தான்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாடி" என்று ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ் கேட்டிருக்கலாமே என்பீர்கள். என் மாமியாரைத் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். பெருமாளை விட்டுவிட்டுக் காவேரியைத் தாண்டுவதா? சாப்பாட்டையே விட்டுவிடுவாள்.

எங்கள் அப்பா விட்டுப் போன பழைய கார் ஒன்று அண்ணா வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றது. அண்ணா வேறு கார் வாங்கிவிட்டான். இதை ஒரு புதுக்கோட்டைக்காரருக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் காரைத்தான் நான் கேட்டேன். ஆத்துக்காரருக்கு லைசென்ஸ் உண்டு, கிளட்ச் மிதிக்கக் கால்தான் இல்லை. எனக்கு இரண்டு கால் இருந்தது, லைசென்ஸ் இல்லை.

அண்ணா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, எடுத்துண்டு போய்க் கத்துக்கோ. மாசக் கடைசிக்குள்ளே லைசென்ஸ் வாங்கினா வண்டி உன்னது. இல்லேன்னா புதுக்கோட்டைக்காரர் வந்து ஓட்டிண்டு போயிடுவார். அப்புறம் அழப்படாது."

"யார் அழறான்னு பாப்போம்" என்றேன்.

எல் போர்டு மாட்டிக்கொண்டு கார் எங்கள் வாசலுக்கு வந்தது. ஆத்துக்காரர் படம் வரைகிற கை அல்லவா, ரோட்டில் வைக்கிற அடையாளப் பலகைகளையெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் வரைந்து சமையலறை முழுக்க ஒட்டினார். உப்பு ஜாடியில் குறுகிய பாலம். அரிசி டின்னில் ரயில்வே கேட். ஊறுகாய்ப் பரணிக்கு அபாயமான வளைவு. நான் ரசத்துக்குத் தாளிக்கும்போது வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

"மலைப்பாதையிலே ரெண்டு வண்டி எதிரும் புதிருமா வந்தா யார் ஒதுங்கணும்?"

"இறங்கற வண்டி ஒதுங்கணும். ஏறற வண்டிக்கு வழி. ஆமா, ஸ்ரீரங்கத்திலே மலைக்கு எங்கே போறது?"

"கேட்டா சொல்லணும். ஆட்டு மந்தை குறுக்கே வந்தா?"

"நிறுத்தணும். ஹாரன் அடிச்சு மிரட்டப்படாது."

"இடது பக்கம் திரும்பணும்னா என்ன சிக்னல்?"

"வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இடஞ்சுழியாச் சுத்தணும்." இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் காலத்துக் கார்களில் விளக்கு சிமிட்டுவதெல்லாம் ஏது? திரும்புவதானாலும் நிற்பதானாலும் எல்லாம் கைதான்.

கேள்வி பதில் அப்படி என்றால், ஓட்டுவது விடியற்காலையில் சித்திரை வீதியில். வீதி அகலம், தேர் ஓடுகிற வீதி, அந்த நேரத்தில் மாடும் பால்காரரும்தான் எதிரே வருவார்கள். முதல் நாளே மாமியார் மடிப்புடவையும் துளசி மணியுமாக வந்து பின் சீட்டில் ஏறிவிட்டாள்.

"அம்மா, நீங்க எதுக்கு? வண்டி எங்கே போகும்னு எனக்கே தெரியாது."

"சுத்தறதுதான் சுத்தறே, பிரதட்சிணமாச் சுத்து. எனக்கும் புண்ணியமாப் போகட்டும். என் முட்டி நடக்க விடறதில்லை."

கோயில் வலக்கைப் பக்கம் இருக்க நாலு வீதியையும் சுற்றினோம். தினமும் சுற்றினோம். முதலில் கார் தவளை மாதிரி தத்தியது. பின் சீட்டிலிருந்து "ரங்கா! ரங்கா!" என்று குரல் வரும். அது ஜபமா அலறலா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. போகப் போக வண்டி படிந்துவிட்டது. மூலைக்கு மூலை வலது கையை நீட்டி, எதிரே வரும் மாட்டுக்கு வழி விட்டு, சர்ரென்று வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வலது பக்கம் திரும்புவேன். ஆத்துக்காரருக்கு வாயெல்லாம் பல். "வலது பக்கம் திரும்பறதுதான் கஷ்டமே. அதையே இப்படித் திரும்பறே, இனிமே உனக்கு என்னடி?"

மூன்று பேரும் பிறந்ததிலிருந்து கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்கள். அதனால்தான் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பரீட்சை நாளன்று காவேரிப் பாலத்தைத் தாண்டுவதற்கு என்னை நம்பாமல் அண்ணாவே வந்து காரை ஓட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் லைசென்ஸ் ஆபீஸுக்குக் கூட்டிப் போனான். லாரிக்காரர்களும் டாக்சிக்காரர்களுமாக ஒரு கூட்டம் நின்றது. புடவை கட்டினவள் நான் ஒருத்திதான். லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் காக்கி உடுப்பில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்றவர்களை ஆளுக்கு ஒன்றிரண்டு கேள்வி வாயால் கேட்டு அனுப்பினார். என் முறை வந்ததும் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் நகர்த்தினார்.

"நீங்க எழுதிக் குடுங்கம்மா."

"எல்லாரையும் வாயாலதானே கேட்டேள்? எனக்கு மட்டும் ஏன் எழுத்து?"

"பொம்பளைன்னு சும்மா தூக்கிக் குடுத்துட்டார்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது பாருங்க. எழுத்துல இருக்கட்டும்."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. எழுதச் சொன்னாரா, எழுதித் தள்ளினேன். அவர் கேட்டதற்கும் எழுதினேன், கேட்காத மலைப்பாதைக்கும் ஆட்டு மந்தைக்கும் சேர்த்து எழுதினேன். அவர் படித்துக்கொண்டே வந்தார், புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது. "ஒண்ணுகூடத் தப்பு இல்லையே" என்றார். ஒரு டாக்சிக்காரர் "அப்படிப் போடுங்கம்மா!" என்றார். நான் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் வண்டியில் ஏறினோம். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். கிளப்பினேன், கியர் மாற்றினேன், எல்லாம் சுகமாகப் போயிற்று. ஒரு முச்சந்தி வந்தது. "லெஃப்ட்ல எடுங்க" என்றார்.

கையை வெளியே நீட்டினேன். சுற்றினேன். வண்டியோ தானாக வலது பக்கம் திரும்பியது! எதிரே வந்த சைக்கிள்காரர் "ஐயோ சாமி!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்தார். இன்ஸ்பெக்டர் கைபிரேக்கை இழுத்தார்.

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஏம்மா, லெஃப்ட்டுக்கு எப்படிக் கை காட்டணும்னு அவ்வளவு அழகா எழுதினீங்களே. இப்ப என்ன காட்டினீங்க?"

மறுபடி சுற்றிக் காட்டினேன். என் கை வலஞ்சுழியாகச் சுற்றியது.

"இது சிக்னலா? மாப்பிள்ளை பொண்ணுக்கு ஆரத்தி எடுக்கற மாதிரி இருக்கு" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எழுத்துல பாஸ். ரோட்டுல ஃபெயில். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம்தான் மாசக் கடைசி. திரும்பும்போது அண்ணா சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். ஆத்துக்காரர் முன் சீட்டில் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து காபி டம்ளரை வைக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "ஏன்னா! நான் இத்தனை நாளிலே ஒரு தடவையாவது இடது பக்கம் திரும்பியிருக்கேனா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோயிலைச் சுத்தினா எங்கேடி இடது பக்கம் வரும்?"

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதே வீதி, அதே மூலைகள், எதிர்த் திசை. ஆனால் கோயிலை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதா? அப்பிரதட்சிணமா? கடைக்குப் போகிறவன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போவான். வேண்டுமென்றே முழுச் சுற்றுச் சுற்றுவதென்றால், அதை மாமியாரிடம் யார் சொல்வது? இவர் கூரையைப் பார்த்தார். நானே போய்ச் சொன்னேன்.

மாமியார் வெகுநேரம் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஒரு சுத்து அப்பிரதட்சிணமாப் போனா, ஒரு சுத்து பிரதட்சிணமாப் போய் நேர் பண்ணிடணும். ஒண்ணுக்கு ஒண்ணு. சம்மதமா?" என்றாள்.

"சம்மதம்மா."

"தப்பான சுத்துக்கு நான் ஏற மாட்டேன். மூலையிலே நிப்பேன். சரியான சுத்துக்கு வந்து ஏத்திண்டு போ."

அந்த வாரம் முழுக்க இதுதான் கூத்து. எதிர்ச் சுற்றில் திருப்பம் ஒவ்வொன்றிலும் என் கை ஆரத்தி எடுக்கப் போகும், ஆத்துக்காரர் "இடஞ்சுழி! இடஞ்சுழி!" என்று கத்துவார். வீட்டில் பருப்பைக்கூட இடஞ்சுழியாகத்தான் கிண்டினேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் நடு வீதியில் நின்று காரை மறித்தார்.

"என்ன அபசாரம் இது! கோயிலை அப்பிரதட்சிணமாச் சுத்தற பொம்மனாட்டியை இப்பத்தான் பாக்கறேன். கேக்கறதுக்கு ஆளில்லையா இந்த ஆத்திலே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து என் மாமியார் முட்டி வலியெல்லாம் மறந்து விறுவிறுவென்று வந்தாள்.

"ஏன், பெருமாளுக்கு இடது பக்கம் கிடையாதா? என் பிள்ளை வேலைக்குப் போகணும். நீங்க தினமும் அவனைத் தூக்கிண்டு போய் விடறேளா, சொல்லுங்கோ, இவளை இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

அவர் நகர்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மாமியாரை அதுவரை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. அவளோ, "என்ன பார்வை? இதுக்கும் சேத்து ஒரு நேர் சுத்து பாக்கி இருக்கு, ஏத்து என்னை" என்றாள்.

மறுபடியும் பரீட்சை. இந்தத் தடவை நானே பாலத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா, ஆரத்தித் தட்டு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். "ஏறிப் பாருங்கோ" என்றேன்.

அதே முச்சந்தி. கை நீண்டது, இடஞ்சுழியாகச் சுழன்றது, வண்டி இடது பக்கம் போயிற்று. இன்னொரு இடது, அதுவும் சரி. மனிதர் லேசில் விடுவாரா? நேரே பாலக்கரைக்கு விடச் சொன்னார். காலைக் கடை நேரம். கைவண்டி, ஜட்கா, மூட்டை தூக்குகிறவர்கள், குறுக்கே ஓடுகிற கோழி. அந்த நெரிசலின் நடுவில், "இங்க ரைட் எடுங்க" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஐயா, இதைக் கேட்கத்தானா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்? கையை நேராக நீட்டினேன், எதிரே வந்த ஜட்காவைப் போகவிட்டேன், கைவண்டிக்காரர் நின்றார், சித்திரை வீதி மூலையில் திரும்புகிற மாதிரி அலுங்காமல் நலுங்காமல் திரும்பினேன். ஹாரன்கூட அடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இந்த இடத்துல டாக்சி ஓட்டறவனே திணறுவான். யாரும்மா உங்களுக்கு ரைட் டர்ன் சொல்லிக் குடுத்தது?"

"பெருமாள்" என்றேன்.

அண்ணா அன்று சாயங்காலமே வந்தான். வண்டிக் காகிதங்களைக் கொடுத்துவிட்டு, "புதுக்கோட்டைக்காரருக்கு இல்லேன்னு சொல்லிட்டேன்" என்றான். காபி கொடுத்தேன். "இப்போ சிரியேன்" என்றேன். சிரித்தான், வேறு சிரிப்பு. "நீ சாதிச்சுட்டேடி" என்றான். அவன் வாயால் அதைக் கேட்க நான் இன்னும் நூறு எதிர்ச் சுற்றுச் சுற்றியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை. எல் போர்டைக் கழற்றி எறிந்தாயிற்று. மாமியார் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். காவேரியைத் தாண்டாதவள்! "ஒரு நாள் பாத்துட்டு வரேன். சாயங்காலம் பெருமாள்கிட்டே சொல்லிக்கறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது அவருடைய வழக்கமான பஸ் புறப்பட்டது, படியில் கொத்தாக ஆட்கள். ஆத்துக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஹாரனை ஒரு தடவை நன்றாக அழுத்தினேன். விதிப்படி தப்புதான். அழுத்தினேன்.

திருவெறும்பூரில் தொழிற்சாலைக்குத் திரும்புகிற இடம் வந்தது. இடது பக்கத் திருப்பம். கையை நீட்டி ஆசை தீரச் சுழற்றிவிட்டுத்தான் திரும்பினேன்.

கேட் திறந்திருந்தது. அவர் காலை நீட்டி மெதுவாக இறங்கினார், ஓடவில்லை, யாரையும் கெஞ்சவில்லை, காவல்காரரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கைத்தடியை உயர்த்தி இடஞ்சுழியாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பின் சீட்டில் மாமியார் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் சங்கு ஊதியது. கேட்டைச் சாத்தினார்கள். அவர் உள்ளே இருந்தார்.