மண்டப வாசலில் நீண்ட கை

பட்டாசு ஆலையில் நான் வாசல் காவலாளியாக இருந்தேன். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போய்விடக் கூடாதென்று, பன்னிரண்டு வருஷம் தினமும் காலையில் ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லி, சட்டைப்பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் விடுவேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. சதுரகிரி மலை ஏறுவதற்காக வத்திராயிருப்பில் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தேன். ஆளுக்கொரு பாய், கொண்டுபோன பையே தலையணை. விடிந்ததும் எல்லோரும் குறுகலான வாசல் வழியாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூட வந்தவர்களுக்காக நான் வாசலோரம் நின்றிருந்தேன். எப்படி நடந்ததென்று இன்றும் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பைக்குள் என் கை போய், தீப்பெட்டியோடு வெளியே வந்தது.

"ஏலே, யாருலே நீ? பையிலயா கைய விடுத?" என்று அவர் மனைவி கத்தினார். "திருட்டுப்பய, பிடிங்க" என்றார் யாரோ. எனக்கே விளங்காததை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அப்போதுதான் தீப்பெட்டி வைத்திருந்தவரைப் பார்த்தேன். தலை நரைத்தவர். இரண்டு கைகளையும் தூக்கியபடி அசையாமல் நின்றிருந்தார்.

"எந்தக் கம்பெனிண்ணே?" என்றேன்.

"விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிய்யா. சூடம் கொளுத்தத்தான் வச்சிருந்தேன்" என்றார், மாட்டிக்கொண்டவர் போல.

தீப்பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கைய எறக்கலாமாய்யா?" என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானாயிற்றே, இவர் ஏன் என்னிடம் அனுமதி கேட்கிறார்? மலை ஏறி இறங்கியும் குழப்பம் தீரவில்லை. மறுநாள் ஆலை வாசலில், கையைத் தூக்கி நின்ற முதல் ஆளின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை நான் பையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.