அம்மாக்கண்ணு கடலில் முங்கிய கதை

டயகமவுக்கு மேலே, பனி இறங்கினால் அடுத்த லயத்து வீட்டு வரிசை தெரியாத ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே அம்மாக்கண்ணுவுக்கு இரண்டு வேலை. எல்லாப் பெண்களையும் போலக் கொழுந்து பறிப்பது ஒன்று. மற்றது அவளுக்கு மட்டுமே உரியது. தேயிலை ஆலையின் இயந்திரங்களை ஓட்ட மேட்டில் ஒரு குளம் வெட்டி, பெரிய குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். குழாயின் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு. மழைக்காலத்தில் புல்லும் சருகும் வந்து கம்பிகளை அடைத்துக்கொள்ளும். ஆலை நின்றுபோகும். உடனே மலைக்கு ஆள் ஓடும், அம்மாக்கண்ணுவை வரச் சொல்லி.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குதிப்பாள். இரண்டு ஆள் ஆழம், விரல் விறைத்துப்போகும் குளிர். முன்பு அது அவள் தகப்பன் செய்த வேலை. அவருக்கு நெஞ்சு வலி கண்டு படுத்த வருஷம், யார் இறங்குவது என்று ஆம்பிளைகள் கரையில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது பதினைந்து வயது மகள் குதித்துவிட்டாள். அதற்குப் பிறகு வாதாட யாரும் வரவில்லை. ஒரு பொம்பிளை ஈரச் சேலையோடு எல்லார் முன்னாலும் ஏறி வருவது நன்றாகவா இருக்கிறது என்று கங்காணி ஒருமுறை கேட்டார்.

"பாக்க வெக்கமா இருந்தா நீங்க முங்குங்க. நான் கரையில நின்னு பாக்குறேன்" என்றாள். கங்காணி அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறகு அவளும் புருஷன் ஆண்டியப்பனும் மனுப் போட்டார்கள். தகப்பன் எங்கே பிறந்தார் என்பதற்குப் பத்திரம் கேட்டார்கள். லயத்தில் பிறந்தவருக்கு அந்தக் காலத்தில் யார் பத்திரம் எழுதினார்கள்? மனு திரும்பி வந்தது. அவள் அதை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மறுநாள் காலையும் பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்குப் போனாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குணபூசணி டீச்சர் வந்தார். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி அவருடைய ஊர். ஒருநாள் அம்மாக்கண்ணு கம்பியைச் சுத்தம் செய்துவிட்டு ஏறுவதைப் பார்த்தவர், அடியில் என்ன தெரிந்தது என்று கேட்டார். ஒன்றும் தெரியாது, எல்லாம் கைதான் என்றாள். சருகு ஊறிய குளம். முங்கியதும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. தங்கள் ஊருக்கு எதிரே கடலில் புறாத்தீவு என்று ஒரு குட்டித் தீவு இருப்பதைச் சொன்னார். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள், ஆனி ஆடியில் அசையாத கடல், தரை வரைக்கும் தெரியும் தண்ணீர், அதற்குள் காடு போல முருகைக்கல் என்னும் பவளப்பாறை. கல் என்றாலும் உயிருள்ளது, வளர்வது என்றார். அம்மாக்கண்ணு முதலில் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரே நினைப்பு பிடித்துக்கொண்டது. இருபது வருஷமாகத் தண்ணீருக்கு அடியில் போய்வருகிறவள் தண்ணீருக்கு அடியில் எதையுமே கண்டதில்லை. ஒரு தரமாவது கண்ணைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் டீச்சர் கூடவே வரும்படி அழைத்தார். காலைப் பெரட்டில் அம்மாக்கண்ணு, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முன்னால் போய் நின்று லீவு கேட்டாள். எதற்கு என்றார்.

"கடலுக்குப் போகணுங்க."

"கடல்ல என்ன?"

"முங்கணுங்க."

கண்டாக்கையா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "புருஷனோட சண்டையா?"

பெரட்டுக் களம் சிரித்தது. அவளும் சிரித்தாள். "சாகுறதுன்னா நம்ம குளமே இருக்குதுங்களே. நான் பாக்கப் போறேங்க."

பக்கத்தில் நின்ற ராசம்மா, கோணேசர் கோயிலுக்கு என்று சொல்லிவிடும்படி காதைக் கடித்தாள். கோயில், சாவு, கல்யாணம் இந்த மூன்றுக்கும் தோட்டத்தில் லீவு உண்டு. வேடிக்கை பார்க்க லீவு என்று யாரும் கேட்டதில்லை. அம்மாக்கண்ணு பொய் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். கண்டாக்கையா லீவு இல்லை என்றார். மீறிப் போனால் வேலைப் பேரேட்டில் பேரை வெட்டிவிடுவேன் என்றார்.

"வெட்டுங்க. கம்பி அடைச்சா மட்டும் ஆள் அனுப்பாதீங்க."

அவர் பேரை வெட்டவில்லை என்பது திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அன்று வெட்டுவார் என்று நம்பித்தான் புறப்பட்டாள்.

"போயிட்டு வா புள்ள. யாராச்சும் கேட்டா, அடிச்சும் நிக்கலன்னு சொல்லிக்கிறேன்" என்றான் ஆண்டியப்பன்.

"நீ அடிச்சேன்னு சொன்னா யாரு நம்புவா?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

டீச்சரோடு தலவாக்கலையில் ரயில் பிடித்து, பொல்காவலையில் மாறி, திருகோணமலையில் இறங்கி, மறுநாள் காலையில் நிலாவெளிக் கரையில் நின்றாள். வள்ளக்காரர் கணேசமூர்த்தியைக் கூட்டிவர டீச்சர் குடிசைகள் பக்கம் போயிருந்தார். அம்மாக்கண்ணு தண்ணீரில் காலை வைத்தாள். அது வெந்நீர் மாதிரி இருந்தது. ஒரு அலை வந்து அவளை உட்கார வைத்துவிட்டுப் போனது. நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் ஒருவர் இறங்கினார். அக்கரையிலிருந்து பத்திரமில்லாமல் வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்கக் கரையோரமெங்கும் அப்போது காவல் இருந்தது.

"எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார்.

தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. சம்பந்தம் பேசினாலும் சண்டை வந்தாலும், எந்த ஊரு என்றால் பாட்டன் கப்பலேறிய ஊரைத்தான் சொல்ல வேண்டும். லயம் எது என்று எவரும் கேட்பதில்லை. அதுதான் கண்ணெதிரே இருக்கிறதே. அம்மாக்கண்ணுவும் யோசிக்காமல் சொன்னாள்: "முசிறிக்குப் பக்கத்துல தும்பலங்க."

அவ்வளவுதான். காவல் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். டீச்சர் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் காகிதம் எழுதியாகிவிட்டது. டீச்சர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பொலிஸ்காரர் மைப்பெட்டியைத் தள்ளி, கைநாட்டு வைக்கச் சொன்னார். அம்மாக்கண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க."

வாசித்தார். தும்பலத்தில் பிறந்து, தோணியில் வந்து இறங்கியவள் என்று இருந்தது.

"தும்பலத்த நான் கண்ணால பாத்ததில்ல. அது எங்க தாத்தா ஊரு. நான் பொறந்தது டயகமவுக்கு மேல, ஏழாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா. அப்படி எழுதுங்க, வக்கிறேன்."

"பிடிபட்டாப் பிறகு கள்ளத்தோணியள் எல்லாம் உப்பிடித்தான் சொல்லுறவை" என்றார் அவர்.

அந்தச் சொல்லை அவள் தலவாக்கலைக் கடைத்தெருவில் கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல அப்போது வாய்க்கவில்லை.

"தோணி எப்படி இருக்கும்னு இன்னைக்குக் காலையிலதாங்க பாத்தேன்" என்றாள். பிறகு வலது காலைத் தூக்கி வாங்குப் பலகை மேல் வைத்து, சேலையை முழங்கால் வரை உயர்த்தினாள். கணுக்காலிலிருந்து மேலே வரை கறுத்த புள்ளிகள். பழைய தழும்பின் மேல் புதிய தழும்பு. "தேயிலைக்குள்ள இருபது வருஷம் அட்டை கடிச்சது. உங்க கடல்ல ரத்தம் குடிக்கிற அட்டை இருக்குதுங்களா?"

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சார்ஜன்ட் எழுந்து வந்தார். அவர் மலைநாட்டு ஊரான அங்குராங்கெத்தையைச் சேர்ந்த சிங்களவர். அட்டைக் கடியை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குனிந்து பார்த்துவிட்டு, எந்த மாதத்தில் அட்டை அதிகம் என்று சிங்களத்தில் கேட்டார். எந்த மாதத்தில் இல்லை என்று கேளுங்கள் என அவளும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். சார்ஜன்ட் சிரித்ததில் தேநீர் சிந்தியது. காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். ஆனால் கையில் பத்திரம் இல்லாதவள் கரையில் அலைவது நல்லதல்ல, மாலை ரயிலில் ஏறிப் போய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போவோம் என்றார். "அக்கா, இன்னொரு முறை பிடிச்சினமெண்டால் விட மாட்டினம்" என்றார்.

அம்மாக்கண்ணு வள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

டீச்சரும் ஏறிக்கொண்ட வள்ளம் புறாத்தீவை நெருங்க நெருங்கக் கடலின் நிறம் மாறியது. கணேசமூர்த்தி தான் சங்கு எடுக்கப் போகும்போது போடும் கண்ணாடியை அவள் முகத்தில் கட்டிவிட்டார். மூச்சுப் பிடிக்கும் விதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் தெரிந்தது. வெயில் தண்ணீரைத் துளைத்துத் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. தரை முழுக்கக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை போலக் கிளை கிளையாக முருகைக்கல். ஆனால் இந்தச் செடிகளை யாரும் வரிசையில் நட்டதில்லை, கத்தி வைத்து மட்டம் தட்டியதும் இல்லை. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் அவற்றுக்குள் புகுந்து புறப்பட்டன. பச்சை மீன் ஒன்று கல்லைக் கடித்துத் தின்றது. அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. தரையைத் தொட்டாள். கையால் தடவ வேண்டிய தேவை இல்லாமலே தொட்டாள். நெஞ்சு முட்டும்வரை அங்கேயே இருந்தாள்.

மேலே வந்தபோது டீச்சர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். கணேசமூர்த்தி குதிப்பதற்குச் சட்டையைக் கழற்றியிருந்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் கருநீலமா இருக்கே, அங்க விடுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

அங்கே ஆழம் அதிகம், குட்டிச் சுறாக்கள் திரியும் என்றார் அவர். கடிக்குமா என்று கேட்டாள். கடித்ததில்லை என்றார். அப்படியானால் விடுங்கள் என்றாள். டீச்சர் ரயிலை நினைவுபடுத்தினார், சார்ஜன்டையும் நினைவுபடுத்தினார்.

"ரயில் நாளைக்கும் ஓடும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வள்ளம் திரும்பும்வரை காத்திருக்காமல் அவள் கருநீலத்தை நோக்கி நீந்தத் தொடங்கினாள்.