மோட்டார்க்காரர் என்று அழைத்த டாக்டரம்மா

தக்கலை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். டாக்டர் ஜெயலீலாவின் படம். நான் அதன் முன்னே நெடுநேரம் நின்றுவிட்டேன் போலும். பக்கத்துக் கடைக்காரர் தங்கமணி வந்து கேட்டார்: "ஓய், டாக்டரம்மாவ உமக்கு எப்படித் தெரியும்?"

"அவிய வீட்டுக் கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டிக் குடுத்திருக்கேன்" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் வீடு வரும்வரை கூசியது.

அவரிடம் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும் இந்த நினைவு மலரில் எழுதுவீர்கள். அவருடைய ஊசிக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் எழுத மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

என் வலது விதைக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. நீர் கோத்த ஓதம்தான் என்று நானே முடிவு செய்து, கோவணத்தை இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் ஓட்டினேன். மோட்டார் வேலையை யாரிடமும் போய்ப் படித்தவனல்ல. உடம்பையும் அப்படியே சரிசெய்யலாம் என்ற நினைப்பு. வலி கூடியபோது, தெரிந்தவர் கண்ணில் படாத இடமென்று களியக்காவிளைக்குப் போனேன். அங்கிருந்த சர்ஜன் விதையோடு எடுத்துவிட வேண்டும் என்றார். மனம் ஒப்பவில்லை. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தவர்கள் ஊசிப் பரிசோதனைக்கு ஜெயலீலாவிடம் அனுப்பினார்கள்.

வெளியே பெஞ்சில் ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர். உதவியாளர் கதவைத் திறந்து, "விதைக்கட்டி யாரு? உள்ள வாரும்" என்று கூவினார். நான் அசையவில்லை. மறுபடியும் கூவினார். அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. பிறகு டாக்டரே வெளியே வந்தார். என் விரல்களில் இருந்த, காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கறையைப் பார்த்துவிட்டு, "மோட்டார்க்காரர் அண்ணாச்சி, வாங்க" என்றார்.

"ஆம்பள டாக்டர் இல்லியா?"

"ரெண்டு பேரு உண்டு. அவங்களும் ஸ்லைட எங்கிட்டதான் கொண்டு வருவாவ."

"ஊசி குத்துனா புத்துநோய் பரவும்னு வாசிச்சிருக்கேன்."

"சரியாத்தான் வாசிச்சிருக்கீய. கட்டி விதைக்குள்ள இருந்தா நான் ஊசி எடுக்க மாட்டேன். இது பின்னால உள்ள குழாயில. நீங்க சுத்துத காயில் மாதிரி சுருண்டு கிடக்கும். காயில் கருகினா மோட்டார உடைச்சா போடுவீய? எதுனால கருகிச்சுன்னு முதல்ல பாக்க வேண்டாமா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மெல்லிய ஊசி. உறிஞ்சியதைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்த்துவிட்டு, "புத்து இல்ல, காசநோய். ஒண்ணையும் வெட்ட வேண்டாம்" என்றார்.

எனக்கு அதுவும் வெட்கக்கேடாகவே பட்டது. வாரத்தில் மூன்று நாள், நர்சின் கண்முன்னே மாத்திரை விழுங்க வேண்டும். தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு போய் விழுங்கினேன். கட்டி கரைந்தது.

அதற்கிடையில் ஒரு கல்யாண வீட்டில் டாக்டர் என்னைக் கண்டும் காணாததுபோல் போனார். ரோஷம் பொறுக்காமல் அடுத்த முறை நேரிலேயே கேட்டேன்.

"நான் சிரிச்சா, பக்கத்துல நிக்கியவரு எப்படித் தெரியும்னு கேப்பாரு. என்ன சொல்லுவீய அண்ணாச்சி?"

பஸ் ஸ்டாண்டில் அதே கேள்வி வந்தபோது மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெட்டாமல் காத்துத் தந்த உடம்பும், என் மானத்தை மறைக்க அவர் வைத்த பெயரும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பெயரை இனி மறைப்பாக வைத்துக்கொள்ள மாட்டேன். கூச்சம் போகவில்லை. போனாலும் போகாவிட்டாலும், அந்தப் பெஞ்சிலிருந்து இப்போது எழுந்து நிற்கிறேன்.

விதைக்கட்டி நான்தான்.