மேல் லயத்துத் தொட்டிக்குச் சுட்ட களிமண்

றொசல்ல புகையிரத நிலையத்திற்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், மேல் லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசைவீடுகளின் பெண்கள் குடிநீருக்காகப் பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏறினர். லயத்தின் பின்னிருந்த பாறை ஊற்று சொட்டுச் சொட்டாகவே வந்தது, தேக்கினாலன்றி உதவாது. தொட்டியொன்று கட்டத் தோட்ட நிர்வாகியான துரை சீமெந்து கொடுத்தார். மழைக்காலம் முழுவதும் களஞ்சியத்திற் கிடந்தமையால், மூட்டைகளுட் சில எவர் உதவியுமின்றித் தாமே கல்லாகியிருந்தன. மேற்கொண்டு தர இயலாது என்றும், தொட்டி ஒழுகினால் இனி இப்பேச்சே கூடாது என்றும் துரை அறிவித்தார்.

களிமண்ணைச் சுட்டுப் பொடித்துச் சீமெந்தின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சேர்க்கலாம் என்றேன். செங்கற்பொடி கலந்த சாந்து நீரில் நிலைப்பதை அறிந்திருந்தேன். அத்தோட்டத்திலோ செங்கல்லும் இல்லை, சூளையும் இல்லை. லயங்கள் யாவும் கருங்கல். ஆதலின் தேயிலை ஆலையின் விறகு உலையில், ஆலை ஓய்ந்திருந்த ஞாயிறன்று, களிமண் உருண்டைகளைச் சுடுவதென முடிவாயிற்று. ஆலையில் தேயிலை பதமாக்கும் டீமேக்கர் பொறுப்பேற்றார்.

அவர் தம் வாழ்நாளில் ஒரு கொழுந்தையும் கருகவிட்டவரல்லர். உருண்டைகளையும் அவ்வாறே நடத்தினார். ஈரம் போய் மணம் எழுந்தவுடன் வெளியே எடுத்து, ஒன்றை உடைத்து முகர்ந்து, பதம் சரி என்றார். மேல் லயத்துப் பெண்கள் உரலில் இடிக்கத் தொடங்கினர். நிறம் மாறாதிருந்தமையால் ஐயுற்று, உருண்டையொன்றை வாளி நீரில் இட்டேன். சிறிது நேரத்தில் அது மீண்டும் சேறாயிற்று. தணலிற் சிவக்கும்வரை சுடவேண்டும் என்று அவரிடம் கூறினேன்.

"அதுக்கு மேல விட்டா கருகிப் போயிருமுங்க வாத்தியாரய்யா. நாளைக்கித் தொர கேட்டா நா என்னத்தச் சொல்றது?"

கருகுவதே நோக்கம் என்று விளக்கினேன். அவர் இசையவில்லை. இடித்துக்கொண்டிருந்த கங்காணியின் மனைவி உலக்கையைச் சுவரிற் சாய்த்தார்.

"இது தேயில இல்லீங்க ஐயா, மண்ணு. ஒங்க வீட்டு அடுப்புல சோத்த எப்புடி விடுவீங்களோ, அப்புடி விட்டுருங்க."

மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாமே சமைத்து, அன்றாடம் சோற்றை அடிப்பிடிக்கவிட்டுவந்த டீமேக்கர் உருண்டைகளை உலைக்குள் ஆழத் தள்ளி, மாலைவரை அப்பக்கம் திரும்பாதிருந்தார். அவை செந்நிறமாக வந்தன, நீரிற் கரையவில்லை.

சீமெந்தில் நான்கில் ஒரு பங்கிற்குப் பதில் அப்பொடியைக் கலந்து தொட்டி எழுப்பப்பட்டது. இக்கலவை மெல்லவே இறுகும். வாரக்கணக்கில் ஈரம் காக்கவேண்டும். சுவர்மேற் சாக்குகளை விரித்து, அவற்றை நனைப்பதற்கு ஓடையிலிருந்து நீர் கொணர்ந்தனர். நீர் சுமப்பதை ஒழிக்கவேண்டிய தொட்டிக்காகப் பெண்கள் முன்னிலும் மிகுதியாக நீர் சுமந்தனர். இதனை என்னிடம் எடுத்துரைக்காதவர் லயத்தில் ஒருவருமிலர்.

பின்னர் ஊற்று நீரைத் திருப்பிவிட்டு, தொட்டி நிரம்பியபின் துரையை அழைத்தோம். அவர் ஒருமுறை சுற்றிவந்து, குறைகூற ஏதுமின்றி, நிறம் நன்றாக இல்லை என்று கூறிச் சென்றார். கங்காணியின் மனைவி குந்தியிருந்து அடிச்சுவர் நெடுகக் கையால் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார், உலர்ந்திருந்தது. "ஒழுகல," என்றார்.

அன்று மாலை ஓடைக்கு எவரும் இறங்கவில்லை. தொட்டியிற் பொருத்திய குழாயடியில் யார் குடம் முதலில் என்னும் வழக்குத் தொடங்கிற்று. நான் அத்தோட்டத்தை விட்டு நீங்கும்வரை அது முடிவுறவில்லை.