நிரலில் இல்லாத மூச்சு

நான் பேயை நம்புகிறவன் இல்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று இதை எழுதவும் இல்லை. ஆனால் இது நடந்தது. என்னோடு இருந்த அக்காவைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

இசைப் பயிற்சி மென்பொருளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. மோகன ராகம் என்று சொன்னால், என் நிரல் புதிய சுரக்கோவைகளைக் கோத்து வீணை ஒலியில் வாசிக்கும். ஒவ்வொரு கோவையும் ‘ச’விலோ ‘ப’விலோதான் முடிய வேண்டும் என்று விதி எழுதியிருந்தேன். அக்கா பாடகி. இருபது கோவைகளை அவள் திருப்பிப் பாட, அதைப் பதிவுசெய்ய, ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தைப் பிடித்தோம்.

பாடும் அறைக்கு ஜன்னல் இல்லை. கண்ணாடித் தடுப்பும் இல்லை. கதவைச் சாத்தினால் மைக் வழியாகத்தான் பேச்சு. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இன்ஹேலர் இருந்த கைப்பை வெளியே, என் நாற்காலியில் தொங்கியது.

மாலை 4:10. ஒன்பதாவது கோவை.

“டேய், நேத்து வீட்ல குடுத்தது இது இல்லையே.”

“அதேதான்க்கா. மாறவே மாறாது.”

உண்மையில் மாற வழியில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதே வரிசை வரும்படி பூட்டி வைத்திருந்தேன்.

“நடுவுல நிக்குது பாரு. உன் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. மூச்சு வாங்குது.”

சிரித்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். சுரங்களுக்கு நடுவே இடைவெளி… என் நிரலில் இடைவெளிக்குக் குறியீடே கிடையாது.

ச ரி க ப… த.

‘த’வில் முடிந்திருந்தது. முடிய முடியாது.

பிழையைத் தேட ஆரம்பித்தேன். காதில் மாட்டிய ஹெட்போனில் அக்கா பாடிக்கொண்டுதான் இருந்தாள். அதனால் கவலைப்படவில்லை.

க ப… த.

ப… த.

குரல் மெலிந்துகொண்டே வந்தது.

“அக்கா, தண்ணி குடி.”

பாட்டு நிற்கவில்லை.

த…

அப்போதுதான் திரையில் அவள் மைக்கின் ஒலியளவைக் காட்டும் கோடு கண்ணில் பட்டது. தட்டையாக இருந்தது. துளி அசைவில்லை. ஆறு நிமிடங்களாக அந்த மைக்கிலிருந்து எதுவுமே வரவில்லை.

காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

த…

ஓடினேன். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன். மீண்டும். மீண்டும்.

திறந்தது.

அந்த அறையில் மட்டும் கரண்ட் இல்லை. உள்ளே இருட்டு. ஏசி நின்றிருந்தது. அக்கா தரையில் கிடந்தாள். உதடு நீலம்.

இன்ஹேலர்… ஆம்புலன்ஸ்… பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் மெதுவாகச் சொன்னாள். “கரண்ட் போனதும் கதவைத் தட்டிப் பார்த்தேன்டா. அப்புறம் கை தூக்க முடியல. நல்லவேளை, அவங்க பாடினாங்க.”

“யாரு?”

“உள்ள இருந்தவங்க.”

கூடத்துக்காரரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். அவருக்கு முன்னால் இடத்தை நடத்தியவர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பாடகி உள்ளே இருக்கும்போது கதவு சிக்கிக்கொண்டது. பாடகி கிளம்பிவிட்டார் என்று நினைத்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமைதான் திறந்தார்கள். வெளியே டேப் ஓடியபடி இருந்திருக்கிறது. யாராவது கேட்பார்கள் என்று அந்த மைக்கில் பாடியிருக்கிறார்.

“அந்த டேப்பை நீங்க கேட்டிருக்கீங்களா?”

“ஒரு தடவை.”

“எந்தச் சுரத்துல முடியுது?”

முனகிக் காட்டினார். ப… த.

“‘த’வோட நிறுத்திட்டாங்களா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“டேப்தான் சார் அங்க தீந்துபோச்சு. அவங்க நிறுத்தினதா யாரு சொன்னா?”